ஜிம்மிக்கு ஒரு வீடு

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

வைகாசியில் பயணச்சீட்டு எடுக்கலாமா என்று நீ மூன்று முறை கேட்டும் நான் பதில் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் எங்கள் நாய் ஜிம்மிதான். மருமகளின் பிள்ளைப்பேற்று நேரத்தில் நான் பக்கத்தில் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. ஆனால் ஆறு மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் வளவுக்குள், அயலவர் மதிலுக்கு மேலால் போடும் சோற்றை நம்பி, அந்தச் சீவனை விட்டுவிட்டு வர என்னால் முடியாது.

கிழட்டு நாய்தானே, யாராவது ஒரு மூலையில் வைத்திருப்பார்கள் என்று நீ சொன்னாய். அது மூலையில் கிடக்கிற நாய் அல்ல, ராசா. மூன்று வருடங்களுக்கு முன் மோட்டார் சைக்கிள் அடித்துப் பின்னங்கால் முறிந்து கே.கே.எஸ். வீதியோரம் கிடந்ததை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபோதே, பல் தேய்ந்திருந்ததைப் பார்த்து ஏழு வயதுக்குக் குறையாது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். இப்போது பத்தாவது இருக்கும். ஆனாலும் விடிய ஐந்து மணிக்கு விறாந்தைக் கதவைச் சுரண்டத் தொடங்கிவிடும். திறந்துவிட்டால் கிணற்றடியைச் சுற்றி ஓடி, தென்னைக்குக் கீழே விழுந்து கிடக்கும் குரும்பட்டி ஒன்றைக் கவ்விவந்து, என் கால்விரலில் படும்படி வைத்துவிட்டு, நான் எறியும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். அப்போது குனிந்து பார்த்தால் வாயைச் சுற்றி மயிர் முழுக்க நரைத்திருப்பதும், கண்மணிகளில் நீலம் பாய்ந்திருப்பதும் தெரியும். வயதோடு கண்வில்லை இறுகுவதால் வரும் நீலம் அது, பார்வையைப் பெரிதாகக் கெடுக்காது என்றார் வைத்தியர். எறிந்த குரும்பட்டியை அது தவறவிட்டதை நான் கண்டதில்லை.

இரண்டு மாதமாக இடம் தேடுகிறேன். பட்டணத்தில் ஒரு வீட்டார் உடனே தரச்சொல்லிக் கேட்டார்கள். பகல் முழுவதும் சங்கிலியில் கட்டி இரவில் மட்டும் அவிழ்த்துவிடுவோம் என்றதும் மறுத்துவிட்டேன். இளம் குடும்பங்கள் எல்லாம் குட்டிதான் கேட்கின்றன. ஓய்வுபெற்ற ஒரு தம்பதியர், வயதான நாய் என்றால் அமைதியாகக் கிடக்கும் என்று நம்பிக் கூட்டிப்போய், வாசலில் அந்த ஐயாவை அது இழுத்து விழுத்தியதால் மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டார்கள். அவர்களில் பிழை இல்லை. வயதை மட்டும் சொல்லி, அதன் ஓட்டத்தைச் சொல்லாமல் விட்டது என் பிழை.

நீ இதைப் பிடிவாதம் என்று நினைக்கலாம். 1995 ஒக்டோபர் 30 அன்று, போரால் ஊரே இடம்பெயர்ந்த இரவில், மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, நாங்கள் வளர்த்த நாயைப் படலையடியில் அவிழ்த்துவிட்டு வந்தோம். உனக்கு அப்போது ஆறு வயது. செம்மணி வெளி தாண்டும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதுகொண்டு வந்தாய். மறு வருடம் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, அது இல்லை. அன்று வேறு வழியே இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

இப்போது உரும்பிராயில் ஒரு தோட்டக்காரக் குடும்பம் அகப்பட்டிருக்கிறது. அந்தத் தம்பி வெயில் ஏறமுன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போகிறவர். ஜிம்மி விழிக்கும் நேரமும் அதுதான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், குரும்பட்டி எறிய ஆள் குறையாது. நான் இரண்டு விடயங்களை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வெங்காயம், பச்சையோ அவித்ததோ, நாயின் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் குழம்பு பிசைந்த சோறு வைக்கக்கூடாது. சோற்றுக்குள் அவித்த சூடை மீனை முள் எடுத்துப் பிசைந்தால் போதும். மருந்து அடிக்கும் நாட்களில் அதைத் தோட்டத்துக்குள் விடாமல் வீட்டோடு வைத்திருக்கவேண்டும். அந்தத் தம்பியின் மனைவி கொப்பி எடுத்து எழுதிக்கொண்டா. எனக்கு அது பிடித்தது.

விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும், உண்ணிக்குக் கொடுக்கும் குளிசையையும், அது படுக்கும் சாக்கையும் எடுத்துவைத்திருக்கிறேன். குளிர் நாட்களில் முறிந்த கால் விறைத்துக்கொள்ளும் என்றும், தீபாவளி வெடிக்கு அது கட்டிலுக்குக் கீழே போய் நடுங்கும் என்றும், அப்போது பக்கத்தில் ஒருவர் இருந்தாலே போதும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விட்டு, இரண்டு கிழமை பார்ப்பதாகப் பேச்சு. சரிவராவிட்டால் திருப்பித் தருவதில் எந்த மனவருத்தமும் கொள்ளவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

அந்த இரண்டு கிழமையும் நான் அங்கே போகமாட்டேன். என் குரல் கேட்டால் அதற்கு அந்த வீட்டில் மனம் ஒட்டாது. அவர்கள் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுவிட்டு அன்றிரவே உன்னை அழைக்கிறேன். அதுவரை பயணச்சீட்டுக்குப் பணம் கட்டாமல் பொறுத்திரு.

அன்புடன்,
அம்மா