போனில் கரகரப்பு இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் இணையம் மந்தமானால் என்ன செய்வது என்று உங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். மோடத்தை அணைத்துப் போடுங்கள், இல்லையென்றால் பெரிய திட்டத்துக்கு மாறுங்கள் என்று இரண்டே யோசனைதான். இன்னும் தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் வைத்திருக்கும் என் போன்றவர்களுக்கு இரண்டுமே உதவவில்லை. ஐந்து வாரம் அல்லாடியவன் சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்து மெய்ப்புத் திருத்துகிறவன். அரை நிமிடத்தில் இறங்கிக்கொண்டிருந்த 40 மெகாபைட் கோப்புக்கு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. புகார் மையத்தில் ஏழு முறை பேசியிருப்பேன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தாண்டி யாரும் வரவில்லை. சில தொலைபேசி இணைப்பகங்களில் லைன் அடிக்கடி அறுந்து சேர்ந்தால் அங்குள்ள தானியங்கி ஏற்பாடே வேகத்தைக் குறைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு முறையும் சொன்னபடி செய்தேனே!

வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் நேரடியாக இணைத்துப் பார்த்தேன். அதே ஆமை வேகம். சரி என்று பிரவுசரில் 192.168.1.1 தட்டி மோடத்தின் உள்பக்கத்தைத் திறந்தேன். லைன் அட்டெனுவேஷன் 31 டெசிபல். கம்பியில் வருகிற வழியில் சிக்னல் எவ்வளவு தேய்கிறது என்பதற்கான கணக்கு அது. 31 என்றால் இணைப்பகத்திலிருந்து ஏறக்குறைய இரண்டேகால் கிலோமீட்டர் கம்பி. அந்தத் தூரத்துக்கு, தொலைபேசிக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல் 2 பிளஸ் முறையில் வினாடிக்கு 10 மெகாபிட் அளவுக்கு வர வேண்டும். எனக்கு வந்தது 1.8. ஆக, தூரத்தின் மேல் பழி போட வழியில்லை. ஆனால் இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்று காட்டும் நாய்ஸ் மார்ஜின் 2, 3 டெசிபல் என்று ஆடிக்கொண்டிருந்தது. 6-க்குக் கீழே போனாலே லைன் தள்ளாடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, "போன்லதான் ஒரு மாசமா கரகரன்னு கேக்குதே" என்றார் என் மனைவி. முன்பே சொல்லியிருக்கிறாராம். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இணையம் அதற்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். இரண்டும் ஓடுவது ஒரே செம்புக் கம்பியில்தான். ரிசீவரை எடுத்து ஒரே ஒரு எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அந்த அமைதியில் காது கொடுத்தேன். அப்பளம் நொறுக்குவது போல் கேட்டது.

பின்னறையில், பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இல்லாமல் ஒரு பழைய போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றியதும் வேகம் 4-க்கு ஏறியது. கரகரப்பு மட்டும் போகவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. 'இணையம் மெதுவாக இருக்கிறது' என்று ஐந்து வாரம் புகார் செய்தும் வராத லைன்மேன், 'போனில் இரைச்சல்' என்று பதிந்த மறுநாளே ஏணியோடு வந்தார். வெளிச்சுவர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, கம்பிகளை முறுக்கிச் சேர்த்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. கெட்டதை ஒரு அங்குலம் வெட்டி எறிந்து, கம்பியைச் சீவி, ஜெல் அடைத்த இணைப்பான் ஒன்றைப் போட்டு இடுக்கியால் அழுத்தினார். பத்து நிமிட வேலை. இப்போது 9.6 மெகாபிட், நாய்ஸ் மார்ஜின் 9.

புகார் மையத்தில் முதல் கேள்வியாகவே 'போனில் கரகரப்பு இருக்கிறதா?' என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்? இதே விஷயத்தை மறுபடி எழுதும்போது நீங்களாவது அதைச் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகன்

பி.கு.: அந்தக் குறிப்பில் 'மெகாபிட்' வர வேண்டிய இரண்டு இடங்களில் 'மெகாபைட்' என்று அச்சாகியிருக்கிறது. எழுத்தில் சின்ன வித்தியாசம்தான், கணக்கில் எட்டு மடங்கு.