வார்டன் தேடும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகள் ரூத்துக்கு அம்மா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நீ அனுப்பிய விளம்பர வரைவைப் படித்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பென்சில்வேனியாவில் உங்கள் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயிலுக்குப் புது வார்டன், அதாவது ஜெயிலின் தலைமை அதிகாரி, தேடுகிற பொறுப்பை உன் கையில் கொடுத்திருப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் இந்த விளம்பரத்தைப் போட்டால் தப்பான ஆட்கள்தான் வரிசையில் நிற்பார்கள்.

"மாநிலச் சிறையில் 15 ஆண்டு நிர்வாக அனுபவம்" என்று முதல் வரியிலேயே கேட்டிருக்கிறாய். ஏன் மாநிலச் சிறை? அங்கே வருகிறவன் தண்டனை முடிவாகி வருகிறவன். இத்தனை வருஷம் என்று தெரியும், மருத்துவக் கோப்பு கூடவே வரும், போதையெல்லாம் பெரும்பாலும் அதற்கு முன்பே உடம்பை விட்டு இறங்கியிருக்கும். கவுன்டி ஜெயிலுக்கு வருகிறவன் ஒரு மணி நேரம் முன்பு தெருவில் இருந்தவன். குடித்திருக்கிறானா, என்ன மாத்திரை போட்டிருக்கிறான், நேற்று இன்சுலின் எடுத்தானா, எதுவும் தெரியாது. பாதிப் பேர் சொல்ல மாட்டார்கள், மீதிப் பேருக்குச் சொல்லத் தெம்பு இருக்காது. அமெரிக்கா முழுவதும் எந்த நாளில் எண்ணினாலும் உள்ளூர் ஜெயில்களில் ஏறக்குறைய ஆறரை லட்சம் பேர். ஆனால் வருஷத்துக்கு அந்தக் கதவுகளுக்குள் 70 லட்சம் தடவைக்கு மேல் ஆள் நுழைகிறது. பத்தில் ஏழு பேருக்கு அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பே ஆகியிருக்காது. சராசரியாக ஒரு மாதம் உள்ளே இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்வார்கள், ஆனால் இரண்டு மூன்று நாளில் வெளியே போகிறவர்கள் ஏராளம். ஆக, இது ஆட்களை வைத்துக் காக்கிற இடம் என்பதைவிட ஆட்கள் வந்து போகிற இடம். இருபது வருஷம் மாநிலச் சிறையைக் கட்டிக் காத்தவர் இங்கே முதல் வாரத்திலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஜெயிலில் சாவு பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான் வாசலில் நிற்கும். குடியை நிறுத்தியவனுக்கு ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரும், மூன்றாம் நாள் பிதற்றல் வரும். ஹெராயின், ஃபென்டனில் விட்டவன் வாந்தியிலும் பேதியிலும் நீர் வற்றிப் போவான். அவமானமும் பயமும் சேர்ந்து தூக்குப் போட்டுக்கொள்கிறவர்கள் வேறு. 2019-ல் உள்ளூர் ஜெயில்களில் இறந்தவர்கள் 1,200 பேர். அதில் 355 தற்கொலை. வேறு எந்த ஒற்றைக் காரணத்தையும்விட அதுவே அதிகம்.

சாண்ட்ரா பிளாண்ட் பெயர் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது காலேஜில் இருந்தாய். 2015 ஜூலை 10, வெள்ளிக்கிழமை, டெக்சாசில் சாலையில் வண்டியை நிறுத்தி வாக்குவாதமாகிக் கைது செய்தார்கள். வாலர் கவுன்டி ஜெயில். ஜாமீன் 5,000 டாலர், ஐந்நூறு டாலர் அளவு கட்டினால் வெளியே வரலாம். திங்கட்கிழமை காலையில் அறையில் பிணமாகத் தொங்கினாள். முன்பு ஒரு தடவை தற்கொலைக்கு முயன்றதாக உள்ளே சேர்த்தபோது எழுதிய படிவத்திலேயே பதிவாகியிருந்தது. எழுதி வாங்கிய பிறகு அந்தக் காகிதத்தை வைத்து யார் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் கோளாறு. மணிக்கொரு தடவை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியையும், ஊழியர்களுக்கு மனநலப் பயிற்சி தர வேண்டும் என்ற விதியையும் அந்த ஜெயில் மீறியது என்று மாநில ஜெயில் தரநிலை ஆணையமே பிற்பாடு குற்றம் சாட்டியது. வெள்ளி முதல் திங்கள் வரை, அவ்வளவுதான் விஷயம்.

நேர்காணலில் முதல் கேள்வியாக இதையே வை. "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு உங்கள் ஜெயிலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவருகிறார்கள். திங்கள் காலை வரை அவருக்கு என்னென்ன நடக்கும், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்." தெரிந்தவர் நிறுத்தாமல் பேசுவார். யார் பி.பி. பார்ப்பது, சனிக்கிழமை டாக்டர் உண்டா, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக வெளியே மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு உள்ளே அது தொடருமா, தற்கொலைக் கண்காணிப்பில் இருப்பவனைப் பார்க்கிற ஆபீசர் நிஜமாகவே நடந்து போனாரா அல்லது பதிவேட்டில் மட்டும் நேரம் போட்டாரா என்பதை எப்படிச் சரிபார்ப்பது, எல்லாம் வரும். தெரியாதவர் "எங்களிடம் விரிவான கொள்கை இருக்கிறது" என்பார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடு.

அடுத்தது ஆள் பற்றாக்குறை. விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் ஜெயிலில் எத்தனை ஆபீசர் இடம், அதில் எத்தனை காலி, போன வருஷம் கட்டாய ஓவர்டைமுக்கு எவ்வளவு செலவு, எத்தனை சாவு, எத்தனை வழக்கு நிலுவையில் இருக்கிறது, இதெல்லாம் விண்ணப்பம் போடுகிறவருக்கு முன்னாடியே தெரிய வேண்டும். கவுன்டியை நிர்வகிக்கிற கமிஷனர்கள் இதைப் போட வேண்டாம் என்பார்கள். "நல்ல ஆள் பயந்து ஓடிவிடுவார்" என்பார்கள். ஓடுகிற ஆள் ஓடட்டும் பிள்ளே. நாம் கொடுப்பதற்கு முன்பே இந்தக் கணக்கைத் தானாகக் கேட்கிறவர் யாராவது வந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு வை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஆபீசர் குறைந்தால் முதலில் நின்று போவது எங்களைப் போன்ற ஜெயில் நர்சுகளின் வேலைதான். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போகக் கூட ஒரு ஆபீசர் வர வேண்டும். ஆள் இல்லையென்றால் வண்டி லிஃப்ட் பக்கத்திலேயே நிற்கும். சாப்பாடு ஏழு மணிக்குக் கொடுத்திருப்பார்கள், இன்சுலின் ஒன்பதரைக்குப் போகும். நான் வேலை பார்த்த இடத்தில் பதினாறு மணி நேரம் நின்ற பையன்கள் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வராது, திட்டாமல் இருக்கவும் முடியாது. ஆள் இல்லாத நாளில் கைதிகளை அறைக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான் எல்லாருக்கும் தெரிந்த சுலப வழி. ஓஹியோவில் கயஹோகா கவுன்டி ஜெயிலில் இதற்கு "ரெட் ஸோன்" என்று பெயரே வைத்திருந்தார்கள். ஒரு நாளுக்கு மேலாகக்கூடத் தொடர்ந்து பூட்டிக் கிடந்தார்கள். 2018-ல் அங்கே அடுத்தடுத்துச் சாவுகள் விழுந்த பிறகு மத்திய அரசின் மார்ஷல் அதிகாரிகள் போய்ப் பார்த்து, மனிதத்தன்மையற்ற நிலை என்றே அறிக்கையில் எழுதினார்கள். அதே வருஷம் அந்த ஜெயிலின் நர்சிங் பொறுப்பாளர் கவுன்டி கவுன்சில் முன்னால் போய், நர்சுகள் போதவில்லை, ஆள் எடுக்கத் தடையாக இருக்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். பிறகு அவரையே ஜெயில் வேலையிலிருந்து அகற்றிவிட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் நான் தேடச் சொல்கிற குணம் ஒன்றுதான். கெட்ட செய்தியை மேலே கொண்டுபோகிற ஆள் வேண்டும், கீழேயிருந்து கெட்ட செய்தி கொண்டுவருகிறவனை அடிக்காத ஆள் வேண்டும். "வலிமையான தலைமை" என்று போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. அந்தச் சொல்லைப் பார்த்து விண்ணப்பம் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வந்த ஆறு மாதத்தில் கீழே இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பதிவேடு சுத்தமாக இருக்கும்.

பென்சில்வேனியாவில் இந்தக் குணம் இன்னும் கட்டாயம். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஓட்டு வாங்கி வந்த ஷெரிஃப், அதாவது கவுன்டியின் காவல் தலைவர், கையில் ஜெயில் இருக்கும், கென்டக்கியில் ஜெயிலரையே தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் பக்கம் அப்படி இல்லை, ஒரு வாரியம் உட்கார்ந்து வார்டனை நியமிக்கிறது. தலைமை நீதிபதி, மாவட்ட அரசு வழக்கறிஞர், ஷெரிஃப், கணக்கு வழக்கைப் பார்க்கிற கன்ட்ரோலர், கமிஷனர்கள் என்று அத்தனை பேர் தலைக்கு மேலே. உள்ளே எத்தனை பேர் வருவார்கள் என்பதை வார்டன் முடிவு செய்ய முடியாது. போலீஸ் பிடிக்கிறது, வழக்கறிஞர் வழக்குப் போடுகிறார், ஜாமீன் தொகையைக் கோர்ட் வைக்கிறது, தேதி தள்ளிப் போகிறது. எல்லாருடைய முடிவும் சேர்ந்து இவர் தலையில் படுக்கையாக விழுகிறது. கூட்டத்தில் அதே நீதிபதியின் முகத்தைப் பார்த்து, "ஐயா, என் ஜெயிலில் இத்தனை பேர் சில நூறு டாலர் கட்ட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர்ப் பட்டியல் இதோ" என்று மரியாதை குறையாமல் சொல்கிறவர் வேண்டும். சண்டைக்காரர் வேண்டாம், ஒரே மாதத்தில் தனியாகிவிடுவார். தலையாட்டுகிறவரும் வேண்டாம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பாய். "கடைசியாக உங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்காத எந்த உண்மையைச் சொன்னீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது?" என்று கேள். அடுத்தாற்போல, "உங்கள் ஜெயிலில் ஒருவர் இறந்தபோது அவர் வீட்டுக்கு யார் போன் செய்தார்கள்?" என்று கேள். ஜெயில் பாதிரியாரான சாப்ளினைச் செய்யச் சொன்னேன் என்பவரும் உண்டு, வக்கீல் பேச வேண்டாம் என்றார் என்பவரும் உண்டு. நானே செய்தேன் என்று சொல்பவரிடம் அந்த அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டுப் பார். நிஜமாகச் செய்தவருக்கு அது மறந்திருக்காது.

சிகாகோவை நீ உதாரணம் காட்டியிருந்தாய். 2015-ல் குக் கவுன்டி ஷெரிஃப் டாம் டார்ட், நெக்கா ஜோன்ஸ் டாபியா என்ற மனநல நிபுணரை அந்தப் பெரிய ஜெயிலின் தலைமைக்கு நியமித்தார். உள்ளே இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு மனநோய் என்று அந்த ஷெரிஃபே சொல்லிவந்த இடம் அது. எல்லாரும் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் அதிலிருந்து "சைக்காலஜிஸ்ட் ஒருவரைப் பிடித்தால் போதும்" என்று நீ முடிவு கட்டுவது சரியில்லை. அவர் படிப்பை மட்டும் வைத்து வெளியிலிருந்து வந்தவர் இல்லை, அதற்கு முன்பே அதே ஜெயிலில் வேலை பார்த்து அந்தத் தாழ்வாரங்களை அறிந்தவர். அவருக்குப் பின்னால் தேர்தலில் ஜெயித்த ஷெரிஃப் ஒருவர் நின்றார். உன் வார்டனுக்குப் பின்னால் யார் நிற்பார்கள்? அதை முதலில் வாரியத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கு.

ஆள் தேடிக் கொடுக்கிற கம்பெனிக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள், சரி. அவர்கள் கொண்டுவருகிற பட்டியலில் ஒரு கவுன்டியில் இரண்டு வருஷம், இன்னொன்றில் இரண்டு வருஷம் என்று பந்தி பந்தியாக மாறி உட்கார்ந்தவர்கள் இருப்பார்கள். எல்லாரையும் தள்ளிவிடாதே, ஏன் கிளம்பினார்கள் என்று மட்டும் தோண்டிப் பார். உள்ளேயே இருக்கும் துணை வார்டனுக்குக் கட்டடம் தெரியும், ஆட்களைத் தெரியும். தெரிந்த ஆட்கள் மேல் புகார் வரும்போது என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. விண்ணப்பம் போடுகிறவர்கள் எழுதிக் கொடுக்கிற சிபாரிசு நம்பர்களுக்கு மட்டும் போன் போடாதே. அந்தந்த ஊரின் இலவச சட்ட உதவி வழக்கறிஞர், யூனியன் ஆள், நைட் ஷிஃப்ட் நர்ஸ், இந்த மூன்று பேரிடமும் பேசு. நைட் நர்ஸ் ரொம்பப் பேச மாட்டாள், ஆனால் பெயரைச் சொன்னதும் அவள் எடுக்கிற மூச்சிலேயே பாதி தெரிந்துவிடும்.

நேர்காணல் குழுவில், கைதியாக உள்ளே இருந்து வெளியே வந்த ஒருவரை உட்கார வை. கமிஷனர்கள் முகம் சுளிப்பார்கள், விடாதே. இங்கே நம் ஊர் மத்தியச் சிறைக்குக் கண்காணிப்பாளர் வருவது சென்னையிலிருந்து ஓர் உத்தரவில். ஊரில் யாரையும் கேட்பதில்லை. ஒரு பாஸ்டரையும் ஒரு ஹெச்.ஆர். பெண்ணையும் கூப்பிட்டு உட்கார வைத்து ஆள் பார்க்கிற வழக்கம் எனக்கு இன்னும் அதிசயம்தான். கிடைத்த இடத்தை வீணாக்காதே.

இன்னொன்று, மருத்துவ ஒப்பந்தம். தனியார் கம்பெனி என்று சொன்னாய். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு, ஆள் உள்ளே இருக்கும்வரை பெரும்பாலும் பணம் தராது என்பதால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ஒவ்வொரு ஆம்புலன்சும் யாருடைய பையிலிருந்தோ போகிறது. அது கவுன்டி பையா, கம்பெனி பையா என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நர்ஸ் சொன்னால் போதுமா, மேலே யாராவது சம்மதிக்க வேண்டுமா என்று கேட்டால் எந்த வார்டன் ஒப்பந்தத்தைப் படிக்கிறவர் என்பது தெரியும். மருத்துவக் கவனிப்பை வேண்டுமென்றே அலட்சியம் செய்வது அரசியல் சட்ட மீறல் என்று 1976-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தெரியாதவரை நியமித்தால் கடைசியில் வழக்கில் பணம் கட்டப் போவது உங்கள் கவுன்டிதான்.

இறுதிச் சுற்றுக்கு வருகிறவர்களை மாநாட்டு அறையில் மட்டும் பார்க்காமல் ஜெயிலுக்குள் கூட்டிப் போ, முடிந்தால் இரவு ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில். யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்று பார். வார்டன் அறையின் அளவைக் கேட்டவரை எனக்குத் தெரியும். நல்லவேளை, அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை.

திருத்திய விளம்பரத்தையும் கேள்விகளையும் வாரியக் கூட்டத்துக்கு முன்பு எனக்கு அனுப்பு, சிவப்புப் பேனா தயார். சம்பளத் தொகையை "தகுதிக்கேற்ப" என்று விடாமல் நேராகப் போடு. டிசம்பரில் பிள்ளைகளோடு வருவீர்களா என்று அப்பா தினமும் கேட்கிறார். டிக்கெட் போட்டதும் அவருக்குத் தனியாக ஒரு போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அம்மா