காலை ஐந்தரை மணிக்கு மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர்: நீர் விநியோக விரிவாக்கத்தை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியியலாளர்களுக்கும், வரைபடத்தில் ஒப்பமிடவுள்ள அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கடந்த வாரக் கூட்டத்தில் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தோம். பஜாரிலிருந்து புதிய வீடமைப்பு வரை நீலக் கோடு அழகாகப் போகிறது. தூரம் இருக்கிறது, குழாயின் விட்டம் இருக்கிறது, உயரம் மட்டும் இல்லை. மட்டக்களப்பில் அப்படி ஒரு படத்தை வைத்து ஓரளவு சமாளிக்கலாம். மலையகத்தில் அது பாதிப் படம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விரிவாக்கப் பாதையில் மிக உயரத்தில் உள்ள வீட்டுக் குழாயில், காலை ஐந்தரை மணிக்கு, 10 மீற்றர் நீரழுத்தம் (பத்து மீற்றர் உயர நீர் தரும் அழுத்தம், ஏறத்தாழ ஒரு பார்) இருக்க வேண்டும். அதைக் கணக்கில் காட்டிவிட்டுக் குழாய் வாங்குங்கள்.

ஐந்தரை ஏன் என்று தோட்டப்பக்கம் வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பு எரிவதும், பிள்ளைகள் பள்ளிக்குத் தயாராவதும், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துக் காலை வேலைப் பதிவுக்கு, போகிறவர்கள் புறப்படுவதும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள். பஜாரிலும் அப்போதுதான் எல்லாக் குழாய்களும் திறக்கின்றன. கீழே திறந்தால் மேலே காற்று வரும். ஆகவே மேல்வரிசைகளில் தண்ணீர் எட்டிப் பார்ப்பது நள்ளிரவுக்குப் பிறகு. நிமிடத்துக்கு 2 லீற்றர் வரும் நூல் ஒழுக்கில் 200 லீற்றர் பெரல் நிரம்ப 100 நிமிடம் ஆகும். பக்கத்து வீட்டிலும் திறந்தால் அந்த ஒழுக்கும் மெலியும். பனி கொட்டும் தை மாதத்தில் ஒரு மணிக்கு எழுந்து பெரலுக்குக் காவல் இருப்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். காலையில் கொழுந்து பறிக்க மலையேறுபவரும் அவர்தான். நிறுவை குறைந்தால் கேள்வி கேட்பதற்கு ஆள் உண்டு. தூக்கம் குறைந்ததைக் கேட்க ஆளில்லை.

இனி உங்கள் 63 மில்லிமீற்றர் குழாய். முதற்கட்டம் 120 வீடுகள். வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 120 லீற்றர் என்று வைத்தால் நாளொன்றுக்கு 72,000 லீற்றர். எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்கும் நெருக்கடிக்காகச் சராசரியை 2.5ஆல் பெருக்கினால் (உச்ச நேரக் காரணி) செக்கனுக்கு ஏறத்தாழ 2.1 லீற்றர். வீடுகள் எல்லாம் பாதையின் கடைசியில் இருப்பதால் முழு ஓட்டமும் முழுத் தூரமும் போக வேண்டும். 63 மி.மீ. பொலித்தீன் குழாயின் உள்விட்டம், பத்து பார் வகையில், சுமார் 55 மி.மீ.தான். அதில் ஒரு கிலோமீற்றருக்கு 16 மீற்றர் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். இதுவரை பரவாயில்லை. ஆனால் அடுத்த கட்டமாக இன்னும் 120 வீடுகள் இதே குழாயில்தான் என்று நீங்களே சொன்னீர்கள். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு இரட்டிப்பதில்லை, மூன்றரை மடங்குக்கு மேலாகும்: ஒரு கிலோமீற்றருக்கே 58 மீற்றர். வீடமைப்பு இருப்பதோ நீர்த்தாங்கியின் அடித்தளத்திலிருந்து 35 மீற்றர் கீழே. 35இல் 58ஐக் கழித்தால் என்ன வரும் என்று எங்கள் பிள்ளைகளே சொல்வார்கள். 90 மி.மீ. குழாய் போட்டால் அதே 240 வீடுகளுக்கு இழப்பு கிலோமீற்றருக்கு 10 மீற்றர் அளவில் நிற்கும். பாதை வெட்டுவது, மூடுவது, வீதியைத் திருத்துவது எல்லாம் இரண்டுக்கும் ஒரே செலவு. மிச்சம் பிடிப்பது குழாயின் விலை வித்தியாசத்தில் மட்டுமே.

மேலே காற்று என்றால் கீழே வெடிப்பு. பிரதான வீதியோரக் குழாய் தாங்கியிலிருந்து 100 மீற்றருக்கு மேல் பள்ளத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பார் கூடும். பகலில் அளந்தால் நல்ல பிள்ளையாக 6 பார் காட்டும். அதிகாலை இரண்டு மணிக்கு, ஓட்டம் அடங்கியபின், முழு 10 பாரும் பழைய மூட்டுகளில் நிற்கும். ஆகவே குழாய் வலையமைப்பின் அழுத்தத்தைக் கணக்கிடும் எபாநெட் போன்ற மென்பொருளை, அது இலவசமாகவே கிடைப்பதால், இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள்: ஐந்தரைக்கு மேல்வீட்டைப் பார்க்க, இரண்டு மணிக்குப் பள்ளத்தைப் பார்க்க. உயரங்களைக் கைத்தொலைபேசியில் எடுத்துப் போடாதீர்கள். தேயிலைச் சரிவில் அது பத்து மீற்றருக்கு மேலும் தவறும். பத்து மீற்றர் என்பது நாங்கள் கேட்கும் முழு அழுத்தம். நில அளவையாளரை அனுப்பி மட்டம் எடுங்கள்.

வலையமைப்பை உயரவாரியாக வலயங்களாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு வலயத்துக்குள் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் 50 மீற்றருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். இடையில் அழுத்தக் குறைப்பு வால்வா, நீரைத் திறந்த தொட்டியில் விழவிட்டு அழுத்தம் முறிக்கும் தொட்டியா என்று கேட்டால், தோட்டப்பக்கத்துக்குத் தொட்டியே மேல் என்போம். மிதவை வால்வு பழுதானால் தொட்டி வழிந்தோடும், ஊருக்கே தெரியும். குறைப்பு வால்வின் சிறு குழாயில் மணல் அடைத்தால் ஒருவருக்கும் தெரியாது, கீழே குழாய் வெடிக்கும்வரை. வால்வுதான் என்று முடிவானால் முன்னால் வடிகட்டி, இருபுறமும் அழுத்தமானி, மாற்றுவழிக் குழாய், இவை இல்லாமல் பொருத்தாதீர்கள். வடிகட்டியைக் கழுவப் போகிறவர் யார் என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்.

சரிவில் கசியும் குழாய் வெறும் நீர்நட்டம் அல்ல. 2014இல் மீரியபெத்தை மண்சரிவைக் கண்ட மலையகத்துக்கு, நீர் ஊறிய சரிவு என்ன செய்யும் என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செங்குத்தான இடங்களில் குழாய்க் குழியே நிலத்தடி வாய்க்காலாகிவிடும். குறுக்கே களிமண் அல்லது கொங்கிரீட் தடுப்புகள் இடைக்கிடை வேண்டும். 160 மி.மீ. குழாயின் செங்கோண வளைவொன்று 10 பாரில் ஏறக்குறைய மூன்று தொன் விசையோடு வெளியே தள்ளும். அதைத் தாங்கும் கொங்கிரீட் கட்டை கிளறாத மண்ணில் சாய வேண்டும், நேற்றுக் கொட்டிய மண்ணில் அல்ல. மேடுகளில் காற்று வால்வு வையுங்கள். இல்லையேல் விட்டுவிட்டு வரும் தண்ணீருக்கு முன்னால் காற்று ஓடி வீட்டு நீர்மானியைச் சுழற்றும். இப்போதும் நாங்கள் காற்றுக்குக் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தாங்கிக்கும் மேலே, தேயிலைக்குத் தோதில்லாத சரிவுகளில் ஏழு பேர்ச் காணிகளில் கட்டிய வீடுகளைப் பற்றி, பம்பு வைத்தால் மின்செலவு கட்டாது என்றார்கள். கணக்கைப் பார்ப்போம். அங்கும் 120 வீடுகள் என்றே வைத்து, 72,000 லீற்றரை 60 மீற்றர் ஏற்ற, பம்பும் மோட்டரும் சேர்ந்து நூற்றுக்கு 58 வேலை செய்தால், நாளொன்றுக்கு 20 யூனிட் அளவு. வீட்டுக்கு ஒரு யூனிட்டில் ஆறிலொரு பங்கு. அதே தண்ணீரை 6,000 லீற்றர் பவுசரில் (தண்ணீர் வண்டியில்) கொண்டுபோக 12 நடை. தேர்தல் காலத்தில் பவுசரின் டீசல் கட்டுப்படியாகிறது. மற்றக் காலத்தில் பம்பின் மின்சாரம் கட்டுப்படியாகாது. இந்தப் பொறியியலை நாங்கள் படிக்கவில்லை.

“தோட்டக் காணி எங்கள் எல்லைக்குள் வராது” என்ற பிரதேச சபைகளின் பழைய பதிலும் வேண்டாம். பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்தியதே அந்தப் பதிலை ஒழிக்கத்தான். இன்னொன்று: திறப்பு விழாக் குழாயில் தண்ணீர் வராமல் போனதாக எந்தத் திட்டத்திலும் கேள்விப்பட்டதில்லை. அது எப்போதும் பிரதான வீதியோரத்தில், பள்ளத்தில் இருக்கும். இம்முறை நாடாவைக் கடைசி வரிசையின் கடைசி வீட்டில் வெட்டலாமே. பிரதம விருந்தினர் காலை ஐந்தரைக்கு வந்தால் தேநீர் தருகிறோம், குழாயில் தண்ணீர் வந்தால்.

கோபத்தில் சொல் மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெயிலிலும் அட்டைக் கடியிலும் பாதை அளக்கும் உங்கள் கள உத்தியோகத்தர்களின் சிரமம் எங்களுக்குத் தெரியும். தயவுசெய்து, டெண்டர் கோருமுன் ஒரு தாளைத் தாருங்கள்: ஒவ்வொரு வலயத்திலும் மிக உயர்ந்த வீட்டின் உயரம், காலை ஐந்தரைக்கு அங்குள்ள அழுத்தம், மிகத் தாழ்ந்த குழாயின் உயரம், இரவு இரண்டுக்கு அங்குள்ள அழுத்தம், அங்கே போடும் குழாயின் அழுத்த வகை. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு நகர மண்டபத்திலும் தோட்டக் காரியாலயங்களிலும் ஒட்டுங்கள். மட்டம் எடுக்க வருகிறவர்களுக்கு வழிகாட்ட ஒவ்வொரு டிவிசனிலும் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மேல்வரிசைக் குடியிருப்பாளர்கள்