சர்க்கரை நோய்க் குழந்தைகளுக்கு மருந்து திரட்டும் குழுக்களுக்கு

அன்புடையீர்,

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உடம்பில் இன்சுலின் சுரக்காத முதல் வகைச் சர்க்கரை நோயோடு வாழும் ஏழைக் குழந்தைகளுக்காகப் பணமும் பொருளும் சேர்க்கிறீர்கள். இன்சுலின் ஊசி நின்றுபோனால் சில நாட்களிலேயே வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று போய்விடும் உயிர்கள் அவை. பெட்டியை ஒட்டும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பெட்டி போய்ச்சேரும் மருத்துவமனையில் புழங்குவது எந்த இன்சுலின்?

ஏன் கேட்கிறோம் என்றால், ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள இன்சுலினும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு. இந்தியக் கடைகளில் 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 40-க்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் கால் மில்லி ஏறும். குப்பியில் இருப்பது 100 யூனிட் மருந்தானால், பத்துக்குப் பதில் 25 யூனிட் உடம்புக்குள் போய்விடும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே பெரும்பாலும் 10 முதல் 20 யூனிட்தான் தேவை. இரவுத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்தால் வீட்டில் யாருக்கும் தெரியாமலே போகலாம். மாறாக, 100-க்கான சிரிஞ்சில் 40 யூனிட் மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் 4 யூனிட்தான் ஏறும். சர்க்கரை கூடிக்கொண்டே போகும். நல்ல மனதோடு அனுப்பிய புத்தம்புது சிரிஞ்சாலேயே இது நடக்கும்.

அடுத்தது கணக்கு. 100 யூனிட் இன்சுலினில் 10 மில்லிக் குப்பி என்றால் 1000 யூனிட். நாளொன்றுக்கு 15 யூனிட் என்றால் ஆண்டுக்கு ஆறு குப்பி போதும் என்று தோன்றும். போதாது. திறந்த குப்பியை நான்கு வாரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ஆக, ஆண்டுக்கு 13 குப்பி. உடனே வேலை செய்வது, நீண்ட நேரம் வேலை செய்வது என இரு வகை போடும் பிள்ளைக்கு 26.

ரத்தச் சர்க்கரையை அளக்கும் குளூக்கோமீட்டரை மட்டும் வாங்கி அனுப்பாதீர்கள். ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப், அந்தந்த மீட்டருக்கென்று உள்ளதுதான் அதில் வேலை செய்யும். தினம் மூன்று முறை பார்த்தாலே மாதம் 90 ஸ்ட்ரிப் வேண்டும். பத்துப் பேருக்கு மீட்டர் கொடுப்பதைவிட இரண்டு பேருக்கு ஆண்டு முழுக்க ஸ்ட்ரிப் கொடுப்பது எவ்வளவோ மேல்.

திறக்காத குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின், உருகிய பின் பார்வைக்குப் பழையபடி தெரிந்தாலும் குப்பைக்குத்தான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈரமணலில் வைத்த மண்பானை பெரிதும் உதவும். நன்கொடை மருந்து அந்த நாட்டைச் சேரும்போது குறைந்தது ஓராண்டுக் கெடு மிச்சமிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சுங்கத்தில் கிடக்கும் நாட்களையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

எங்களைக் கேட்டால், பெட்டியைவிட மாதாமாதம் தவறாத பணமே நல்லது. 2000-இல் தொடங்கிய ‘லைஃப் ஃபார் எ சைல்ட்’ போன்ற திட்டங்கள் அந்தந்த ஊர் மருத்துவமனைகள் வழியாகவே இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் கொடுக்கின்றன. ஒரு வருஷம் கொடுத்து நிறுத்துவதாக இருந்தால், அதை முன்கூட்டியே மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் பெட்டி இன்னும் கிளம்பவில்லை என்றால், சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை இன்றே பாருங்கள்.