ஆறு வரிக்குதிரையில் ஜோடி எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழின் சிறுவர் பக்கத்தில் ஆறு வரிக்குதிரைகளை வரைந்து, 'ஒரே மாதிரி இருக்கும் இரண்டைக் கண்டுபிடி' என்று புதிர் போட்டிருந்தீர்கள். என் பேத்தி அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். அப்புறம் தலைகீழாக அச்சடித்திருந்த விடையைப் பார்த்தால் இரண்டாவதும் ஐந்தாவதும் ஜோடியாம்! ஒன்று இடது பக்கம் பார்க்கிறது, இன்னொன்று வலது பக்கம். ஓவியர் ஒரே படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். "போங்கு பாட்டி" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, ஆனால் காரணம் வேறு.

ஒரே மாதிரி வரி விழுந்த இரண்டு வரிக்குதிரை கிடையாது, நம் கைரேகை மாதிரி. அது மட்டுமா, ஒரே குதிரைக்கே இடது பக்கத்து வரி வலது பக்கத்தோடு ஒத்துப்போகாது. அதனால் உங்கள் ஜோடி இரண்டு வகையில் தப்பு.

சின்னப் பிள்ளைகள் பக்கம்தானே, விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தத் தப்பைச் செய்யக்கூடாது என்பதற்காகவே கென்யாவில் ஒரு விதி வைத்தார்கள். 2016 ஜனவரியில் அங்கே இரண்டு நாள், பொதுமக்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் கிரேவி வரிக்குதிரைகளைப் படம் எடுத்தார்கள் (வரி நெருக்கமாக, காது பெரிதாக, வயிறு வெள்ளையாக இருக்குமே, அந்த இனம்; பிரெஞ்சு ஜனாதிபதி ஒருவரின் பெயர்). வலது பக்கத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். ஒருவர் இடதையும் இன்னொருவர் வலதையும் எடுத்துவிட்டால் ஒரே குதிரை இரண்டு என்று கணக்கில் ஏறிவிடும். கம்ப்யூட்டர் வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் கென்யாவில் சுமார் 2,350 இருக்கலாம் என்று சொன்னார்கள்.

நம் புலிக் கணக்கும் இப்படித்தானே. முன்பெல்லாம் கால்தடத்தை வைத்து எண்ணினார்கள், 2006 கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவும் புலியின் வரியும். நம் கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் அதற்கு வெகுகாலம் முன்பே, தொண்ணூறுகளிலேயே, இதைச் செய்து காட்டிவிட்டார். காட்டுத் தடத்தின் இரண்டு பக்கமும் கேமரா வைப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வரி எப்படி விழும் என்பது தாய் வயிற்றில் கருவாக இருக்கும்போதே முடிவாகிவிடுகிறதாம். நான் தினமும் வாசலில் அதே ஏழு புள்ளிக் கோலம்தான் போடுகிறேன், ஒரே கைதான், இருந்தாலும் நேற்று வளைந்த இடத்தில் இன்றைக்கு இழை வளைவதில்லை. அது மாதிரி என்று பேத்திக்குச் சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. நேரில் பார்க்க வேண்டுமாம்.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை அல்சூரிலிருந்து மெஜஸ்டிக் போய் பஸ் பிடித்து பன்னேர்கட்டா மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். நல்ல கூட்டம். எல்லோரும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு புலியைப் பார்க்க ஓடிவிட்டார்கள், நாங்கள் இருவரும்தான் ஒரு மணி நேரம் வரிக்குதிரை வேலியோரம் நின்றோம். முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, எந்நேரமும் புல்லில் குனிந்திருக்கும். பின்தொடையைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு அங்கே வரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்து கண் மாதிரி இருந்தது. இன்னொன்றுக்கு அதே இடத்தில் சூலாயுதம்! அதற்கப்புறம் பேத்தி, "கண்ணு வருது, சூலம் போகுது" என்று பெயர் சொல்லியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த முறை உங்கள் புதிருக்கு ஓவியம் வேண்டாம், போட்டோ போடுங்கள். செல்போனில் எடுத்த நான்கு படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், எல்லாமே வலது பக்கம். அவற்றில் இரண்டு ஒரே குதிரை. விடையை வேண்டுமென்றே எழுதவில்லை, முதலில் உங்கள் ஓவியர் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு