நம் கிளை நூலகத்தின் பொன்விழாவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

பெரியவர்களுக்கும் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கமுங்க.

பல்லடம் பக்கத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் நம் நூலகத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை பொன்விழா எடுத்தோம். வாசகர் வட்டத்தின் சார்பில் நாலு வார்த்தை சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

முதல் நன்றி வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவருக்கும். ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும். சொத்து வரியில் 100 ரூபாய்க்கு 10 ரூபாய். நூலகம் நடப்பது அந்தக் காசில்தான். இதற்கு வழிசெய்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம்தான் விடுதலைக்குப் பிறகு நாட்டில் வந்த முதல் நூலகச் சட்டம். அப்போது சென்னை மாகாணக் கல்வி அமைச்சர், நம் திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் ஐயா. சட்டம் வரவேண்டும் என்று பல வருசம் பாடுபட்டவர் நூலகவியல் அறிஞர் சீர்காழி அரங்கநாதன். மேடையில் அந்த இருவர் படத்தையும் வைத்து விளக்கேற்றியது அதனால்தான்.

அப்புறம், தறிக்கார அண்ணன். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, அடித்தட்டுப் புத்தகங்களெல்லாம் ஊறிப்போயின. நம் வீதி அக்காமார்கள் ஒட்டிக்கொண்ட தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே பழைய பேப்பர் வைத்து உலர்த்தினார்கள். தையல் விட்டதையெல்லாம் அண்ணன் வாங்கிக்கொண்டார். நைட் ஷிப்ட் முடித்து வந்து, பாவு நூலை நாலு இழையாக முறுக்கி, மெழுகுவத்தியில் இழுத்து, கோணி ஊசியால் தைத்தார். மைதாப் பசையில் துளி மயில்துத்தம் கலந்தால் பூச்சி அண்டாதாம். முதுகில் ஒட்டிய காடாத் துணி அவர் தறியில் ஓடியதுதான். அந்தப் புத்தகங்களைக் கையில் எடுத்தாலே தெரியும், முதுகு கொஞ்சம் தடிப்பாக இருக்கும். இன்றைக்கு அவற்றில் பாதி இரவல் போயிருக்கின்றன. எனக்கு அதைவிடச் சந்தோசம் வேறில்லை.

போட்டித் தேர்வுக்குப் படித்த பிள்ளைகளுக்காக, மூடும் நேரம் தாண்டியும் காத்திருந்து கடைசி பஸ்ஸில் வீடு போன பழைய நூலகர் அம்மாவும் விழாவுக்கு வந்திருந்தார். அன்று படித்து இன்று அரசு வேலையில் இருக்கும் பெண், தன் பழைய உறுப்பினர் அட்டையை எடுத்து நீட்டினார். "இன்னும் வெச்சிருக்கியா கண்ணு" என்று அதைத் தடவிக்கொண்டே நின்றார் அம்மா. அதற்கு மேல் இருவருக்குமே பேச்சு வரவில்லை.

பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்த காசில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலரான தங்கச்சிகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அரிசிம்பருப்பு சாதம் ஆக்கிப் போட்டவர்களுக்கும் நன்றிங்க.

சமையலுக்கு இரவல் கொடுத்த போசிகளும் கரண்டிகளும் கழுவி நூலகத் திண்ணையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை லீவு. மற்ற நாளில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே உள்ளேயும் வந்துவிட்டுப் போங்க.