பெரியம்மாவின் பெயரில் கல் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பெரியம்மாவின் நினைவாக எங்கள் வேதக்கோயிலில் பளிங்குக் கல் பதிக்கலாம், செலவு என்னுடையது என்று ரொறன்ரோவிலிருந்து எழுதியிருந்தாய். உன் மனம் தெரியும். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. கோபிக்காமல் கேள்.

கிளிநொச்சி வீட்டுக் குசினியில் உலைக்கு அரிசி களைய முன் ஒரு பிடி அள்ளிப் பழைய பால்மாப் பேணியில் போடுவாரே, அது நிறைந்ததும் விற்றுச் சுவிசேஷ ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவார். நீ சின்னப் பிள்ளை, பேணியைத் தட்டி விளையாடி ஏச்சு வாங்கியதுதான் ஞாபகம் இருக்கும். காசு போன இடமெல்லாம் அவருடைய கொப்பியில் இருக்கிறது. "உபதேசியார் சைக்கிளுக்கு ரியூப்." "ஞாயிறு பள்ளிக்குச் சிலேற்." "துணுக்காய் ஊழியருக்குக் குடை." தன் பெயரை மட்டும் எங்கேயும் எழுதவில்லை, மட்டையில்கூட.

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்று கேட்டால் உடுவில் மகளிர் கல்லூரியைச் சொல்வார். 1824இல் அமெரிக்க மிஷனரி ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய பள்ளிக்கூடம். ஆனால் அவர் வாயில் அடிக்கடி வந்த பெயர் எலைசா அக்னியூ. நியூயோர்க்கில் பூகோள வகுப்பில் இலங்கையைப் படத்தில் பார்த்த சின்னப் பிள்ளை, 1840இல் யாழ்ப்பாணம் வந்து, ஏறக்குறைய நாற்பது வருடம் உடுவிலில் படிப்பித்து, பிறந்த ஊருக்கு ஒருமுறையும் திரும்பாமல் 1883இல் இங்கேயே கண்மூடினார். "கலியாணம் கட்டாத மனுசிக்கு ஆயிரம் மகள்மார்" என்று பெரியம்மா சொல்லிச் சிரிப்பார். வெள்ளைக்கார மிஷனரிமாரின் பெயராவது புத்தகத்தில் நிற்கிறது. வன்னிக் காட்டுப்பாதையில் சைக்கிள் மிதித்த உபதேசிமாரையும் அவர்களுக்குச் சோறு போட்ட பெண்களையும் யார் எழுதினார்கள்?

அப்படியென்றால் கல் வைக்கத்தானே வேண்டும் என்பாய். சரி, அதை வாசிக்கப் போவது யார்? கோயிலுக்கு வருகிற நாங்கள்தான். அவர் கொடுத்ததோ அந்த வாசலை மிதிக்காதவர்களுக்கு.

2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் இருந்தபோது, கூடாரத்தில் நிவாரண அரிசியிலும் ஒரு பிடி எடுத்து வைத்தார். "விசர் மனுசி" என்று பெரியப்பா ஏசினார். அனுப்ப ஊழியரும் இல்லை, தபாலும் இல்லை. பக்கத்துக் கூடாரத்தில் புருசனைத் தேடிக்கொண்டிருந்த பெண்ணின் பானைக்குள் அதைப் போட்டுவிட்டு வந்தார். காணி உறுதியோடு சுற்றிக் கொண்டுவந்த கொப்பியில் அன்றைய கணக்கு இப்படி இருக்கிறது: "பக்கத்துக் கூடாரம், 1 பிடி." அந்தப் பெண் சைவம். பெரியம்மா ஒருநாளும் அவரிடம் வேதம் பேசவில்லை. சாமான் கொடுக்கிற கையோடு பிரசங்கம் பண்ணுவது பெரியம்மாவுக்கு அறவே பிடிக்காது. இப்போது இங்கே சிலர் செய்கிற வேலையைப் பார்த்திருந்தால் நேரில் போய் நாக்கைப் பிடுங்குகிறமாதிரி கேட்டிருப்பார்.

மாங்குளத்துக்கு அப்பால் கிராமங்களுக்குப் போய்வரும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிள் அரைநாள் ஓடினால் அரைநாள் கராஜில் நிற்கும். கல்லுக்கென்று வைத்த காசில் அதைத் திருத்தி, மிச்சத்தை மாதாமாதம் பெற்றோலுக்குக் கொடுப்போம். கொப்பியில் இன்னும் வெற்றுத் தாள்கள் இருக்கின்றன, கணக்கை நான் எழுதுகிறேன்.

போதகரிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. உன் மறுமொழி வந்தால் ஞாயிறு ஆராதனை முடிய அவரோடு கதைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா